ஊற்றுத் தண்ணீரைப் பத்து நாளில் அளக்க முடியாது

இராமநாதபுரம் கடலோரப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், அறிவியல் கண்காட்சி நடத்துவோருக்கும்,

வணக்கம். நான் பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். போன வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சார், தனுஷ்கோடி மணல்ல நாலடி தோண்டுனா குடிக்கிற தண்ணி வருது. எங்க தெருவுல ஆழமா போர் போட்டா உப்பா வருது. ஏன் சார்?"

இதைவிட நல்ல தலைப்பை நான் எங்கே போய்த் தேடுவேன்? மணலில் இறங்கும் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நின்றால் கீழே சுமார் 40 சாண் நிற்கும். ரொம்ப ஆழமாகத் துளைத்தால் அதைத் தாண்டி உப்புக்குள் போய்விடுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தாலும் உப்பு மேலேறிவிடும். அவள் தன் தெருவிலேயே இதை அளந்து பார்த்திருக்கலாம். ஆனால் சுற்றறிக்கை வந்தது கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னால். தெர்மாகோலில் எரிமலை செய்து எடுத்துப்போனாள். அவள் அப்பா கடலுக்குப் போகாத வாரம் அது. அட்டைக்கும் பெயிண்ட்டுக்கும் கடன் வாங்கினார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததுமே அறிவித்துவிடுங்கள். பிள்ளைகள் ஒரு மாதம் சுற்றிப் பார்த்துக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்புறம் ஆகஸ்டிலிருந்து வாரம் ஒருநாள், அதே ஊற்று, அதே கிணறு, அதே நேரம், ஒவ்வொரு வாரமும் மூன்று முறை அளக்கட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் பள்ளிக்கு ஒன்று போதும், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற தர அளவோடு அவர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள். நமக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மழைக்கு முன்பும் பின்பும் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் கண்காட்சியை ஜனவரியில் வையுங்கள்.

நடுவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாடலைப் பார்ப்பதற்கு முன் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். தேதி போட்டு, அடித்துத் திருத்தி, தண்ணீர் பட்டு மை கலைந்த நோட்டு அது. "நாங்கள் நினைத்தது தப்பு" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் தயவுசெய்து மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. நோட்டின் முதல் பக்கத்தில் ஊற்றை வரைந்து வைத்துவிட்டு, சுற்றறிக்கை வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியர்