கிளைனுக்கு நான்கு சீசன் கொடுங்கள்: கேன்சஸ் ஸ்டேட் நிர்வாகத்துக்கும் ரசிகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கும், விளையாட்டுத் துறையினருக்கும், சனிக்கிழமை ஆனால் கத்தரிப்பூ நிறச் சட்டை மாட்டிக்கொண்டு அரங்கை நிறைக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் தொண்ணூறுகளின் பிற்பாதியில் உங்கள் ஊரில் மாவு அரைவைத் தொழில்நுட்பம் படித்தவன். மன்ஹாட்டன் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோரும் நியூயார்க் என்றே நினைத்தார்கள். வந்து இறங்கினால் சுற்றிலும் புல்மேடும் கோதுமைக் காடும். அந்த ஊரில் எனக்கு ஒரு வீட்டு உணர்வைக் கொடுத்தது பயிற்சியாளர் பில் ஸ்னைடரின் அமெரிக்க ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல) அணிதான். எனக்கு முன்னும் பின்னும் அங்கே வந்து படித்த தமிழ்ப் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

2025 டிசம்பரில் ஸ்னைடரின் மாணவர் காலின் கிளைனைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தீர்கள். மனசு நிறைந்துவிட்டது. ஒரே ஒரு கோரிக்கை. அவருக்கு நான்கு சீசன் முழுதாகக் கொடுங்கள். முதல் வருடம் தோற்றாலும் சரி, மூன்றாம் வருடம் எழுந்து நான்காம் வருடம் மறுபடி சறுக்கினாலும் சரி.

ஏன் நான்கு? உங்கள் சொந்தக் கணக்கையே எடுத்துப் பாருங்கள்.

1988 கடைசியில் அயோவா அணியில் ஹேடன் ஃப்ரையிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஸ்னைடரை அழைத்து வந்தீர்கள். அப்போது அவருக்கு 49 வயது. அவர் கையில் கொடுத்த அணி கடைசி 27 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வென்றதில்லை: 26 தோல்வி, ஒரு சமன். பெரிய கல்லூரி அணிகளில் 500 தோல்வியை முதலில் தொட்ட அணியும் அதுதான். ஃபுட்பாலையே நிறுத்திவிடலாமா என்ற பேச்சு அப்போது இருந்தது.

1989 செப்டம்பர் 30 அன்று வடக்கு டெக்சாஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், நேரம் முடிகிற கடைசி வீச்சில் ஒரு டச்டவுன் (எதிரணியின் கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது). 20-17. மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வெற்றி. அந்த சீசனின் ஒரே வெற்றியும் அதுவே. மற்ற பத்தும் தோல்வி. 1990-இல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1991-இல் ஏழுக்கு நான்கு, அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். 1992-இல் பழையபடி ஐந்துக்கு ஆறு. நான்கையும் கூட்டினால் 18 வெற்றி, 26 தோல்வி. இன்றைக்கு இந்தக் கணக்கோடு ஒரு பயிற்சியாளர் ஐந்தாம் சீசனுக்குள் நுழைய முடியுமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் நுழைய விட்டீர்கள். 1993-இல் ஒன்பது வெற்றி, அதில் கடைசியாக டூசானில் வயோமிங் அணியை 52-17 என்று அடித்து, பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதல் பௌல் (சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் கூடுதல் ஆட்டம்) வெற்றி. அதிலிருந்து 2003 வரை ஒரு வருடம் தவறாமல் பௌல் ஆட்டம். ஆக்கப் பொறுத்தீர்கள், ஆறவும் பொறுத்தீர்கள்.

அந்த நான்கு வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அணியின் சின்னத்தை மாற்றினார். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காத இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து பையன்களைக் கொண்டு வந்தார். நல்ல உதவியாளர்களைப் பொறுக்கி எடுத்தார். பின்னாளில் ஓக்லஹோமாவுக்கு 2000-இல் தேசியப் பட்டம் வாங்கித் தந்த பாப் ஸ்டூப்ஸ் அவரிடம் இருந்தவர். நேற்றைவிட இன்று கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அவர் வீரர்களிடம் கேட்டது. அடி மேல் அடி வைத்து அம்மியை நகர்த்திய மனிதர்.

1998 நவம்பர் 14-ஐ நான் மறக்கவே முடியாது. நெப்ராஸ்காவை நாம் கடைசியாக வென்றது 1968-இல். அதற்குப் பிறகு வரிசையாக 29 தோல்வி. அன்றைக்கு நம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மைக்கேல் பிஷப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. 40-30. மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பங்களைச் சாய்த்தார்கள். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெரியவர். அவர் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "1989-லும் இதே இருக்கைதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் அது நொறுங்கியது. பதினோரு ஆட்டத்திலும் வென்று, டிசம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸில், நம் அணி சேர்ந்திருக்கும் பிக் 12 கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியோடு மோதினோம். பட்டத்துக்கு நமக்குப் போட்டியாக இருந்த யுசிஎல்ஏ அணி அன்றே மியாமியிடம் தோற்றிருந்தது. ஜெயித்தால் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 27-12 என்று முன்னால் இருந்தோம். கூடுதல் நேரத்தின் இரண்டாம் சுற்றில் 36-33 என்று போயிற்று. எங்கள் குடியிருப்பில் தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. ஆனால் அதற்காக யாரும் ஸ்னைடரை விரட்டச் சொல்லவில்லை. 2003-இல் அதே இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 35-7 என்று அவர் வீழ்த்தியபோது நான் ஊர் திரும்பி ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். செய்தி படித்துவிட்டு அன்று முழுக்க சிரித்துக்கொண்டே இருந்தேன்.

2005-இல் ஓய்வு பெற்றார். அணி தடுமாறவே 2009-இல் திரும்பி வந்தார். மொத்தம் 27 சீசன், 215 வெற்றி. 2018-இல் விலகும்போது வயது 79. இதற்கு நடுவில் ஒரு பழக்கத்தை அவர் விடவில்லை. தன் வீரர்களுக்கு மட்டுமல்ல, எதிரணிப் பையன்களுக்கும், அடிபட்டுக் கிடப்பவர்களுக்கும், கத்தரிப்பூ நிற மையில் தன் கையாலேயே கடிதம் எழுதி அனுப்புவார். நீ நன்றாக ஆடினாய், சீக்கிரம் குணமாகு என்று. ஒரு இருபது வயதுப் பையனுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய விஷயம்!

இப்போது கிளைனுக்கு வருகிறேன். 2009-இல் அவர் உங்கள் அணியில் பந்து பிடிக்கும் இடத்தில் ஆடினார். ஸ்னைடர் அவசரப்படாமல் அவரைக் குவார்ட்டர்பேக்காக வளர்த்தார். 2012-இல் முதல் பத்து ஆட்டமும் வெற்றி, தேசத்தில் முதலிடம், பெய்லரிடம் ஒரு அடி, பிறகு டெக்சாஸை 42-24 என்று வென்று கூட்டமைப்புப் பட்டம். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் கிளைன் மூன்றாவதாக வந்தார். காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆனால் அவர் வந்து சேர்ந்திருக்கும் காலம் மோசம். 2023-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஏறக்குறைய 7.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில் பென் ஸ்டேட் அணியை அரையிறுதி வரை கொண்டுபோன ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அதே வருடம் அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரத்தில் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) அணியின் பயிற்சியாளர் பிரையன் கெல்லியும் போனார். எத்தனை மாணவருக்கு உதவித்தொகை ஆகியிருக்கும் அந்தப் பணம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்தியானாவைப் பாருங்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்விதான். அங்கே பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வந்த முதல் வருடமே 11 வெற்றி. இரண்டாம் வருடம் 16 ஆட்டமும் வென்று, 2026 ஜனவரியில் மியாமியை 27-21 என்று தோற்கடித்துத் தேசியப் பட்டம். தோல்விக்குப் பெயர்போன அணி அது. நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். ஆனால் சிக்னெட்டி அங்கே வருமுன் 13 வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். 2011-இல் அலபாமாவின் உதவியாளர் வேலையை உதறிவிட்டு, பென்சில்வேனியாவில் தன் அப்பா பயிற்சி கொடுத்த ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனார். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். அங்கிருந்து தன் வீரர்கள் பலரையும் கூடவே அழைத்து வந்தார். கிளைனுக்கு இதுவே முதல் தலைமைப் பொறுப்பு. சிக்னெட்டி மற்ற ஊர்களில் பழகிக்கொண்டதை இவர் உங்கள் ஊரில்தான் பழக வேண்டும்.

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்பது: நான்கு சீசன் முடியும்வரை இவர் பதவியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பெரிய நன்கொடையாளர் யாராவது அக்டோபரில் தொலைபேசியில் கத்தினால், அவருக்கு 1992-ஐ நினைவுபடுத்துங்கள். உங்கள் கூட்ட அறையில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள்: 18 வெற்றி, 26 தோல்வி.

ரசிகர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. தோற்ற அன்று பத்தொன்பது வயதுப் பையன்களைக் கைப்பேசியில் திட்டித் தீர்க்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை வந்து அதே இருக்கையில் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்