ராஞ்சோ சான் அன்டோனியோவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கும், வார இறுதி நடைக்கு ஆள் சேர்க்கும் குழுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கியதும் நம்மில் பலர் அவர்களை முதலில் கூட்டிப்போகிற இடங்களில் ஒன்று, குபர்டினோவில் கிறிஸ்டோ ரே சாலையில் இருக்கும் ராஞ்சோ சான் அன்டோனியோ. காரை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் டீர் ஹாலோ பண்ணை. மாடு, ஆடு, செம்மறி, பன்றி, கோழி, வாத்து எல்லாம் அங்கே உண்டு. பேரப்பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போகிற இடம். நிறையப் பேர் வாருங்கள் என்றுதான் இதை எழுதுகிறோம். வரும்போது சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளவும் கேட்கிறோம், முக்கியமாகப் பண்ணை விலங்குகளின் விஷயத்தில்.

இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். கார் நிறுத்துமிடமும் அதைச் சுற்றிய புல்வெளியும் சாந்தா கிளாரா கவுண்டியின் பூங்கா. அதற்குப் பின்னால் மலைவரை ஏறத்தாழ 4,000 ஏக்கருக்கு விரிவது மிட்பெனின்சுலா திறந்தவெளி மாவட்டம் என்ற பொது அமைப்பின் காப்புநிலம். பண்ணை இருப்பது காப்புநிலத்தில். அதை நடத்துவதோ மவுண்டன் வியூ நகராட்சி. 1839-ல், கலிஃபோர்னியா மெக்சிகோவின் கீழ் இருந்தபோது, ஆளுநர் அல்வராடோ ஹுவான் பிராடோ மேசாவுக்கு வழங்கிய நிலமானியத்தின் பெயரே பூங்காவுக்கு நிலைத்தது. கிராண்ட் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே குடியேறிப் பண்ணை போட்டார்கள். அந்தக் காலத்து மரக் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். அவர்களுக்கெல்லாம் முன்பு இந்த மண்ணில் வாழ்ந்த ஓலோனி மக்களின் குடிசைகளை மாதிரியாக அமைத்தும் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து, பால் கறப்பதையும் தோட்ட வேலையையும் கற்கிற இடம் இது. காசு கொடுத்து விலங்குகளுக்குத் தீனி ஊட்டும் கேளிக்கைப் பண்ணை அல்ல.

நமக்குப் பசுவைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. அகத்திக்கீரையோ ஒரு வாழைப்பழமோ கொடுத்தால் புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். பையில் இருக்கும் சப்பாத்தி, இட்லி, பிஸ்கட், பழத்தோல் எல்லாம் வேலி இடுக்கு வழியே உள்ளே போகின்றன. தயவுசெய்து வேண்டாம். மாடு, ஆடு, செம்மறி மூன்றும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் மெதுவாகச் செரிக்கப் பழகியவை. மாவுச்சத்து திடீரென்று அதிகமாகப் போனால் அது வேகமாகப் புளித்து அமிலம் பெருகுகிறது. விலங்கு தீனி எடுக்காமல் நிற்கும், கழியும். அளவு மீறினால் செத்தும் போகும். நீங்கள் கொடுப்பது ஒரு சப்பாத்திதான். ஆனால் ஒரு சனிக்கிழமையில் அந்த வேலியைக் கடப்பவர்கள் பலநூறு பேர். ஐம்பது கிலோ ஆட்டுக்கு ஐம்பது பேர் ஆளுக்கொன்று கொடுத்தால் என்ன ஆகும் என்று ஊரில் ஆடு வளர்த்தவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

பாதையோரத்துப் புல்லைப் பிடுங்கிக் கொடுப்பதும் கூடாது. ஓடைக்கரைகளில் கொத்தமல்லித் தழையைப் போன்ற இலையும், ஊதாப் புள்ளிகள் கொண்ட தண்டுமாக நச்சு ஹெம்லாக் வளரும். மனிதனுக்கும் மாட்டுக்கும் அது விஷம். பிள்ளைகள் அதைக் கையால் தொட்டுப் பறிக்கவும் விடாதீர்கள்.

இன்னொன்று நம் குடும்பங்களுக்கே உரியது. ஊரிலிருந்து வந்திறங்கிய பெரியவர்களைப் பண்ணைக்குக் கூட்டிவருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் மாட்டுத் தொழுவத்துக்கோ ஆட்டுப்பட்டிக்கோ போனீர்களா? போயிருந்தால், அமெரிக்காவில் இறங்கி ஐந்து நாட்களாவது கால்நடைகள் பக்கம் வரக்கூடாது. காரணம் கோமாரி நோய். இந்தியாவில் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டும் இன்னும் ஒழியாத நோய் அது. இந்த நாட்டில் 1929-க்குப் பிறகு அது வந்ததில்லை. வைரஸ் செருப்பில் ஒட்டிய சாணத்தில் பல நாள் உயிரோடு இருக்கும். மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் சிறிது நேரம் தங்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மாடு, ஆடு, செம்மறி, பன்றி என்று பிளவுக் குளம்புள்ள அத்தனையையும் தாக்கும், மானையும் விடாது. 1924-ல் இதே வளைகுடாவின் கிழக்குக் கரையில் கோமாரி தலைகாட்டியது. அது ஸ்டனிஸ்லாஸ் காட்டு மான்களுக்குத் தொற்றியபோது, பரவாமல் தடுக்க 20,000-க்கும் மேற்பட்ட மான்களைச் சுட வேண்டியிருந்தது. 1929-ல் கடைசியாக வந்தது, கப்பலிலிருந்து வந்த இறைச்சி எச்சத்தைப் பன்றிக்குப் போட்டதால். பண்ணைப் பன்றிக்கு மிச்சச் சோறு போடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. ஊரில் தொழுவத்துக்குப் போட்ட செருப்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்துவிட்டால் விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் பண்ணைக்குப் போனதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களே சுத்தம் செய்து தருவார்கள். வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பவர்களும் அதே செருப்போடு பண்ணைக்கு வரவேண்டாம். கோழிக்கும் தொற்றுகள் உண்டு.

கைகழுவுவது பற்றிச் சுருக்கமாக. ஆடு மாடு பார்க்க நல்ல திடமாக இருந்தாலும் அவற்றின் சாணத்தில் சில வகை இ. கோலை (E. coli) பாக்டீரியா இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது சிறுநீரகம்வரை கெடுதல் செய்யும். விலங்குகளைச் சுற்றி நிற்கும்போது பால்புட்டி, தின்பண்டம் எதையும் வெளியே எடுக்காதீர்கள். வேலியைத் தொட்ட கையையும் சோப்புப் போட்டே கழுவ வேண்டும், சானிடைசர் போதாது. கர்ப்பிணிகள், செம்மறியும் ஆடும் குட்டி போடும் காலத்தில் தாயையும் குட்டியையும் நெருங்காமல் தள்ளி நின்று பார்த்தால் போதும். கருவைப் பாதிக்கும் சில கிருமிகள் அந்த நேரத்தில்தான் பரவுகின்றன. மாட்டுப் பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு மாடு காட்ட வருகிறவர்கள் மஞ்சள், குங்குமம், மாலை எதையும் மாட்டுக்கு இட முயல வேண்டாம். மாலை நூலை மாடு விழுங்கினால் குடலில் சிக்கும்.

வண்டி நிறுத்துவதற்கு வருவோம். வார இறுதியில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பார்க்கிங் நிரம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் வட்டமடித்துக் காத்திருப்பார்கள். வரிசை சாலைவரை நீளும். பொறுமையிழந்தவர்கள் அக்கம்பக்கக் குடியிருப்புத் தெருக்களில் நிறுத்துவார்கள், அபராதச் சீட்டும் வாங்குவார்கள். வழி எளிது: எட்டு மணிக்கு முன் வாருங்கள், அல்லது பிற்பகல் மூன்றுக்கு மேல் வாருங்கள். பிற்பகலில் வந்தால் பண்ணை மூடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்கு மேல் திறந்திருக்கும் என்று நம்பி வரவேண்டாம். திங்கட்கிழமை பண்ணைக்கு விடுமுறை, பாதைகள் மட்டும் திறந்திருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போது செவ்வாய் காலையை விட்டுவிட்டுச் சனிக்கிழமையை ஏன் பிடிக்கிறோம் என்று யோசிக்கலாம். நான்கு வீடுகள் சேர்ந்து வந்தால் நான்கு கார் வேண்டாம். ஒரு வீட்டு வாசலில் கூடி இரண்டில் வாருங்கள். நாயை வீட்டில் விட்டுவிடுங்கள். இங்கே அனுமதி இல்லை.

நடையில் யாருக்கு எது பொருந்தும் என்று சொல்கிறோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஸ்ட்ரோலர் தள்ளுகிறவர்களுக்கும் பண்ணைவரை போகும் சேவைப்பாதை. சமமானது, நல்ல தளம். போய்வர இரண்டு மைல், பெரியவர்கள் நடக்கும் வேகத்தில் ஒரு மணி நேரம், பண்ணையில் நிற்பது தனி. சைக்கிளுக்கும் அந்தப் பாதை மட்டுமே. அதற்கு இணையாக லோயர் மெடோ பாதை போகிறது, மண் பாதை, நிழல் கூடுதல். பண்ணையைத் தாண்டி ரோக் வேலி பாதை ஓடையோரமாக மெல்ல ஏறும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது, ஆனால் மழைக்காலத்தில் சேறு கணுக்கால்வரை வரும். வைல்ட்கேட் வளையம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும், அழகும் அதற்கேற்ப. மின்கம்பிகளின் அடியில் போகும் பி.ஜி. அண்டு ஈ பாதை நிழலில்லாத செங்குத்து. ஜூலை மதியத்தில் பெரியவர்களை அங்கே ஏற்றாதீர்கள். பிளாக் மவுண்டன் உச்சி 2,800 அடி. போய்வரப் பத்து மைலுக்கு மேல். ஆறு மணி நேரமும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பண்ணைக்கு மேலே குடிநீர் கிடையாது, போன் சிக்னலும் பல மடிப்புகளில் இல்லை. இருட்டும் முன் கார் நிறுத்துமிடத்தின் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நடையைத் தொடங்குங்கள்.

நம் ஆட்கள் அதிகம் அவதிப்படுவது பாய்சன் ஓக் செடியால்தான். மூன்று மூன்றாக இலை. வசந்தத்தில் பளபளப்பு, கோடையில் சிவப்பு, குளிர்காலத்தில் இலையே இல்லாத வெறுங்குச்சி. வெறுங்குச்சியிலும் அதே எண்ணெய் உண்டு. அது சேங்கொட்டையின் குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோவதை அறிந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை; முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் அந்த இனமே. புடவை முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி பாதையோரச் செடியில் உரசிவிட்டால் எண்ணெய் துணியில் தங்கி, பிறகு கைக்கும் முகத்துக்கும் வரும். அதனால் முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ. பட்டது தெரிந்தால் முடிந்தவரை சீக்கிரம், பத்து இருபது நிமிடத்துக்குள், பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு துணியால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் ஒட்டிக்கொண்டிருப்பதால் வெறும் தண்ணீர் அதைப் பரப்பவே செய்யும். போட்ட துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். தடிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்தே வருவதால் பலர் காரணத்தை வேறெங்கோ தேடுகிறார்கள்.

உண்ணி இங்கே குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அதிகம். இளம் உண்ணி கசகசா அளவுதான். அது லைம் நோயைப் பரப்பக்கூடும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், அக்குள், தலைமயிர் ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி மூன்றும் வேண்டாம். உண்ணி எரிச்சலில் தன் எச்சிலை உள்ளே விட்டுவிடும்.

ஏப்ரல் முதல் சூடான நாட்களில் கிலுகிலுப்பைப் பாம்பு வெயில் காயப் பாதையில் படுத்திருக்கும். ஆறடி தள்ளி நில்லுங்கள், அது தானாகப் போகும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். மலைச்சிங்கத்தை (பூமா) கண்டால் ஓடாதீர்கள், சின்னப் பிள்ளையைக் குனியாமல் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சத்தமிட்டுப் பின்வாங்குங்கள். அதிகாலையும் அந்தியும்தான் அவை நடமாடும் நேரம். அப்போது பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள்.

பாதையில் வரிசையாக நடங்கள். எதிரே குதிரை வந்தால் சரிவின் கீழ்ப்புறம் ஒதுங்கி, நின்றபடி ஒரு வார்த்தை பேசுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். ஓக் மரங்களில் ஏகோர்ன் மரங்கொத்தி ஆயிரக்கணக்கான துளைகள் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு ஓக் விதையைச் செருகி வைத்திருப்பதை அமைதியாக நின்றால்தான் பார்க்க முடியும். இந்த மரங்களைச் சாகடிக்கும் ஒரு நோய் ஈரச்சேற்றோடு ஷூவில் பயணிக்கிறது. மழைக்காலத்தில் காரில் ஏறும் முன் அடிப்பாகத்தைத் தட்டிச் சுரண்டிவிட்டு ஏறுங்கள்.

குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் ராஞ்சோவை விட்டுவிடுங்கள். அப்படியும் வர நினைத்தால் மிட்பெனின்சுலாவிடம் முன்கூட்டி அனுமதி பற்றிக் கேளுங்கள். சாப்பாடும் பிள்ளைகள் ஓடியாடுவதும் நோக்கமென்றால் ஃபிரிமான்ட்டின் ஆர்டன்வுட் வரலாற்றுப் பண்ணைக்குப் போகலாம். பேட்டர்சன் குடும்பத்தின் பழைய வீடும், உட்காரும் இடங்களும் அங்கே இருக்கின்றன. தெற்கு சான் ஹோசேயில் மார்ஷல் காட்டில் (Martial Cottle) என்ற பெயருள்ள பூங்கா 287 ஏக்கர், முற்றிலும் சமதளம். ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியும் தடையின்றிச் சுற்றிவரும். இரண்டிடத்திலும் திறக்கும் நாளையும் கட்டணத்தையும் கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்துக்கொண்டு, குழுவுக்குச் செய்தி அனுப்புங்கள்.

அன்புடன்,
ராஞ்சோ பாதைகளில் வாரந்தோறும் நடக்கும் தமிழர்கள் சிலர்