கால் சும்மா இருந்தால்தானே பெடலை மிதிக்க?

டிஜிட்டல் இசைக்குறிப்புச் செயலிகளையும் பக்கம் திருப்பும் பெடல்களையும் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். நான் ஆர்கன் வாசிப்பவன். புத்தக மூட்டையைச் சுமப்பதிலிருந்து எங்களைக் காப்பாற்றியதற்கு முதலில் நன்றி. 2012இல் பிரஸ்ஸல்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழு காகிதத்தை ஒதுக்கிவிட்டு டேப்லெட்டைப் பார்த்து வாசித்தபோது அது செய்தியானது. இன்று அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பக்கம் திருப்பும் விஷயத்தில் மட்டும் இன்னும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

கையை எடுக்காமல் திருப்ப நீங்கள் தந்த வழி புளூடூத் பெடல். அது தன்னை ஒரு கீபோர்டு என்று டேப்லெட்டிடம் சொல்லிக்கொள்ளும். மிதித்தால் அம்புக்குறியையோ பேஜ் டவுனையோ அழுத்தியதாகக் கணக்கு. வயலின்காரருக்கு இது போதும். பியானோ வாசிப்பவர் இடது காலை வைத்துச் சமாளித்துவிடுவார். ஆர்கனில் கால்களால் மிதித்து வாசிக்கும் கட்டைகளும் உண்டு; என் இரண்டு கால்களும் ஸ்வரங்களையே வாசித்துக்கொண்டிருக்கின்றன. கச்சேரி ஹார்ப்பில் சுருதியை மாற்ற ஏழு பெடல்கள். டிரம்ஸ்காரருக்கு ஒரு கால் பேஸ் டிரம்மில், மறு கால் ஹை-ஹாட்டில். எங்களுக்கெல்லாம் மூன்றாவது கால் முளைத்தால்தான் உண்டு.

சரி, கேமரா பார்த்துப் புரிந்துகொள்ளும் முகசைகை இருக்கிறதே என்பீர்கள். ஃபோர்ஸ்கோர் போன்ற செயலிகளில் தலையைத் திருப்பியோ கண்ணடித்தோ பக்கத்தை நகர்த்தலாம். நல்ல வசதிதான். ஆனால் ஆர்கன்காரர்கள் பலர் இசை நடத்துநரை அருகில் மாட்டிய கண்ணாடியில்தான் பார்க்கிறோம். பார்க்கத் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே பக்கம் ஓடிவிடுகிறது. உணர்திறனைக் குறைத்தால், வேண்டிய நேரத்தில் அசைய மாட்டேன் என்கிறது. திருப்பம் அரை நொடி தாமதமானால் மனப்பாடத்தில் ஓட்டிவிடலாம். கேட்காமல் திரும்பிய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர எங்களிடம் கையும் இல்லை, காலும் இல்லை.

மைக் வழியாக வாசிப்பைக் கேட்டு, குறிப்போடு ஒப்பிட்டுத் தானே திருப்பும் முறையும் இருக்கிறது. பாரிஸின் இர்காம் என்ற இசை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான ஆண்டெஸ்கோஃபோ, வாசிப்பவரை இப்படிப் பின்தொடரும் மென்பொருள். ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சாதகம் செய்யும்போதோ, பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போதோ இந்த முறை எளிதில் வழிதவறிவிடும். அதனால் முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். பக்கத்தின் கடைசி வரியை நெருங்கிவிட்டோமா என்று மட்டும் அது சொல்லட்டும். அப்போது மட்டும் சைகையை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் வரியில் நான் எத்தனை முறை தலையாட்டினாலும் பக்கம் அசையக் கூடாது. இது கடினம் என்றால், ஒரு முறை திரும்பியபின் நாங்கள் குறிக்கும் சில நொடிகளுக்கு அடுத்த சைகையைப் புறக்கணித்தாலே பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்று. நல்ல அச்சுப் பதிப்புகளில் வலப்பக்க முடிவில் ஓய்வு வருமாறு பார்த்து அமைப்பார்கள். இரண்டு பக்கங்கள் ஒன்றாகத் தெரிவதால் இடப்பக்க முடிவைப் பற்றிக் கவலையில்லை. அதே பதிப்பை ஸ்கேன் செய்து ஒவ்வொரு பக்கமாகத் திரையில் காட்டும்போது திருப்பங்கள் இரு மடங்காகின்றன; புதிதாகச் சேர்ந்தவை பெரும்பாலும் வாசிப்பு உச்சத்தில் இருக்கும் இடத்தில் வந்து விழுகின்றன. மேல்பாதியில் அடுத்த பக்கமும் கீழ்ப்பாதியில் பழைய பக்கமும் நிற்கும் அரைப்பக்கத் திருப்பம் இதற்கு அருமையான மருந்து. அதை ஏன் அமைப்புகளுக்குள் ஒளித்துவைக்கிறீர்கள்? சைகையை இயக்கியதுமே அதுவும் தானாக இயங்கட்டும்.

அப்புறம், விலை. கால்களை அசைக்க முடியாத கலைஞர்களும் இருக்கிறார்கள். பெடல் அவர்களுக்கு உதவாது, முகசைகைதான் வழி. அதைச் சந்தாவுக்குள் பூட்டுவது நியாயமாகப் படவில்லை. அலங்கார வசதிகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த பதிப்பைச் சோதிக்க ஆள் தேடும்போது ஓர் ஆர்கன்காரரையும் ஒரு ஹார்ப்காரரையும் கூப்பிடுங்கள். முழுப் பாடலையும் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செயலியைப் பார்த்து வாசிக்கும் ஓர் ஆர்கன்காரன்