எடையைச் சொல்லிவிட்டு ஏலம் விடுங்கள்

வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பழைய தமிழ்ப் புத்தகங்களை ஏலம் விடும் குழுக்களின் அட்மின்களுக்கு,

வணக்கம்.

உங்கள் குழுக்களில் நான் வாங்குகிறேன், விற்கவும் செய்கிறேன். அதனால் இரண்டு தரப்பின் வயிற்றெரிச்சலும் எனக்குத் தெரியும். இந்தக் குழுக்களில் புத்தகத்தின் நிலையைப் பற்றிச் சண்டை வருவது அபூர்வம். அட்டை கிழிந்திருக்கிறது, நடுவில் நான்கு பக்கம் இல்லை, ஓரம் செல்லரித்திருக்கிறது என்று விற்பவர்கள் போட்டோவோடு சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர்களும் தெரிந்தேதான் கேட்கிறார்கள். மூன்று தரம் சொல்லி ஏலம் முடிந்த பிறகு, "அட்ரஸ் அனுப்புங்க, கூரியர் இவ்வளவு" என்று ஒரு செய்தி வருகிறதே, வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சமீபத்தில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். வார இதழிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்த ஒரு தொடர்கதை. ஆரம்ப விலை 100 ரூபாய், முடிந்தது 260-ல். பதிவின் கடைசி வரியில் "தபால் செலவு தனி" என்று இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் விற்றவர் அனுப்பும் செலவாக 140 ரூபாய் கேட்டார். வாங்கியவர் முணுமுணுத்துக்கொண்டே ஜிபே செய்தார். பார்சல் வந்தது. மேலே ஒட்டியிருந்த தபால் சீட்டில் தொகை 80 ரூபாய்கூட இல்லை. அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். "அட்டை, பபிள் ராப், டேப், போஸ்ட் ஆபீஸுக்குப் போன ஆட்டோ எல்லாம் யார் வீட்டுக் காசு?" என்று விற்றவர் திருப்பிக் கேட்டார். அப்புறம் நடந்ததை இங்கே எழுத முடியாது. இரண்டு பேருமே இப்போது அந்தக் குழுவில் இல்லை. விற்றவரிடம் அருமையான துப்பறியும் நாவல்கள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. நஷ்டம் நமக்குத்தான்.

என்னைக் கேட்டால் அந்த 140 ரூபாய் அநியாயமான தொகை இல்லை. ஐம்பது அறுபது வருடத்துத் தாள் தொட்டாலே பொடியும். இரண்டு பக்கமும் அட்டை வைத்து, மழைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மூலை மடங்காமல் கட்டுவதற்குக் காசும் ஆகும், நேரமும் ஆகும். ஆனால் அந்தத் தொகையை ஏலத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வாங்கியவர் மொத்தம் 330 வரை போகலாம் என்று மனதில் கணக்குப் போட்டு 260 கேட்டிருக்கிறார். 140 என்று தெரிந்திருந்தால் 190-லேயே நின்றிருப்பார், வேறொருவருக்குப் போயிருக்கும். எல்லோரும் பார்க்க நடந்த ஏலத்தில் ஒரு விலை, முடிந்த பிறகு தனிச் செய்தியில் இன்னொரு விலை என்றால், இரண்டாவது விலைக்கு யாருமே ஏலம் கேட்கவில்லையே!

சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆரம்ப விலை ஒரு ரூபாய், லாபம் முழுக்க கூரியரில். இது உலகளாவிய தந்திரம்தான். ஈபே என்ற இணைய ஏலத் தளம் ஒரு காலத்தில் பொருள் விலைக்கு மட்டும் கமிஷன் எடுத்தது. விற்பவர்கள் விலையைக் குறைத்து அனுப்பும் செலவை ஏற்றினார்கள். அமெரிக்காவில் 2011-ல் அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே ஈபே கமிஷன் எடுக்க ஆரம்பித்தது. நம் குழுக்களில் கமிஷனும் இல்லை, பஞ்சாயத்து பண்ண ஒரு கம்பெனியும் இல்லை. இருப்பது நீங்கள் மட்டும்தான்.

முன்பெல்லாம் இவ்வளவு தகராறு இல்லை. காரணம் புக் போஸ்ட், புத்தகங்களுக்கென்றே இருந்த மலிவான தபால். பதிவு செய்த புக் போஸ்டில் 5 கிலோ புத்தகம் 80 ரூபாய்க்குப் போனது. விற்பவர் தோராயமாக ஒரு தொகை சொன்னாலும் பத்து ரூபாய் முன்னே பின்னே இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 2024 டிசம்பர் 18-ல் அது நிறுத்தப்பட்டது. சில மாதங்களுக்குப் புத்தகத்தையும் பிரஷர் குக்கரையும் ஒரே கட்டணத்தில் அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்று 'ஞான் போஸ்ட்' என்ற தபால் சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நல்ல கட்டணம்தான். ஆனால் நம் சரக்கு எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சுப் புத்தகமாக இருக்க வேண்டும், பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும், பருவ இதழ்களுக்குக் கிடையாது.

இப்போது அந்த பைண்டு செய்த தொடர்கதையை யோசித்துப் பாருங்கள். பதிப்பாளர் பக்கமே கிடையாது. யாரோ ஒரு பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தெருமுனை பைண்டரிடம் காலிகோ துணி ஒட்டி வாங்கியது. பக்கத்துக்குப் பக்கம் பற்பொடி விளம்பரம், சோப்பு விளம்பரம். நமக்கு அதில்தான் ருசியே! தபால் கவுண்டரில் அது புத்தகமா, பத்திரிகையா? ஒத்துக்கொண்டால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட். 2025-ல் பதிவுத் தபாலையும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அந்த வழியும் இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு புத்தகங்களில், பதிப்பகம் போட்ட நாவலுக்கு ஒரு செலவு, கிழித்துத் தைத்த தொடர்கதைக்கு அதைவிட அதிகச் செலவு. வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? கையில் புத்தகத்தை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

(பழைய ரேடியோ, பித்தளைச் சாமான் ஏலம் விடும் குழுக்களில் நிலைமை இன்னும் மோசம். கூரியர்காரர்கள் பெரும்பாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு எடை போடுவார்கள். 40-க்கு 30-க்கு 20 பெட்டி என்றால் உள்ளே பஞ்சு இருந்தாலும் 4.8 கிலோ. பழைய நாணயம் விற்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஒரு கவரில் முடிந்துவிடும்.)

சரி, என்ன செய்யலாம்? போட்டோ இல்லாத பதிவை நீங்கள் இப்போதே நீக்குகிறீர்கள். அதேபோல எடையும் அனுப்பும் செலவும் இல்லாத பதிவையும் நீக்குங்கள். பதிவில் ஒரு வரி போதும்: "பேக்கிங்கோடு 640 கிராம், ஞான் போஸ்ட், எல்லாம் சேர்த்து 70 ரூபாய்." ஸ்பீட் போஸ்ட் என்றால் தூரத்துக்குத் தகுந்து மாறும். அப்போது தமிழ்நாட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தொகை போடலாம். வீட்டில் தராசு இல்லையென்றால் மளிகைக்கடை அண்ணாச்சி நிறுத்துத் தருவார்.

சொன்ன தொகைதான் கடைசி என்று விதி வையுங்கள். கூடுதலாக ஆனால் விற்றவர் ஏற்கட்டும், மிச்சமானால் அவரே வைத்துக்கொள்ளட்டும். ரசீது காட்டு என்ற பேச்சே வேண்டாம். முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொண்ட தொகைக்கு ரசீது எதற்கு? இதை எதிர்ப்பவர்கள் வாங்குபவர்களிலும் இருப்பார்கள் என்று தெரியும். தபால் சீட்டைப் பார்த்துப் பத்து ரூபாய் திரும்பக் கேட்பதில் சிலருக்கு ஒரு சுகம்.

வாங்குபவர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ஏலம் ஜெயித்த பிறகு "தபால் செலவை நீங்களே போட்டுக்கோங்க சார்" என்பவர்கள் உண்டு. மூன்று வாரம் மூன்று புத்தகம் எடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு எடுக்கிறேன், சேர்த்து அனுப்புங்க" என்று விற்பவர் வீட்டைக் கிடங்காக்குபவர்கள் உண்டு. ஒரே நாள் ஏலத்தில் எடுத்ததை ஒரே பார்சலாக, மொத்த எடைக்கான செலவில் அனுப்ப வேண்டும். அது நியாயம், அதையும் விதியாக்குங்கள். வாரக்கணக்கில் எடுத்து வைத்திருப்பது விற்பவரின் தயவு, அதை உரிமையாகக் கேட்கக் கூடாது. பின்கோடு தப்பாகக் கொடுத்து பார்சல் திரும்பி வந்தால் இரண்டாவது முறைச் செலவு வாங்கியவருடையது.

"இது நண்பர்கள் குழு, கடை இல்லை" என்று சிலர் சொல்வார்கள். 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவர் மொத்த விலையையும், அதில் அனுப்பும் செலவு, தபால், கையாளும் கட்டணம் எவ்வளவு என்ற பிரிவையும் காட்ட வேண்டும் என்கின்றன. தாத்தாவின் அலமாரியை ஒருமுறை காலி செய்கிற தனி மனிதருக்கு இது பொருந்தாது. அந்த விதிகளே அப்படி விலக்குக் கொடுக்கின்றன. ஆனால் விலக்கு, தொழிலாகவோ வழக்கமாகவோ செய்யாதவர்களுக்குத்தான். ஞாயிறு தவறாமல் இருபது புத்தகம் ஏலம் விடுகிறவர் தன்னை எந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார் என்று அவரே யோசிக்கட்டும். யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க இதைச் சொல்லவில்லை. ஒரு வரி எழுதச் சொல்வது அப்படியொன்றும் அதிகப்படியான கோரிக்கை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் சம்பளம் வாங்காமல் இந்தக் குழுக்களை நடத்துகிறீர்கள், புது வேலை தருவதில் எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் நள்ளிரவில் இரண்டு பேரின் ஸ்கிரீன்ஷாட்டுகளை மாற்றி மாற்றிப் படித்துத் தீர்ப்பு சொல்வதைவிட, எடை இல்லாத பதிவை அழிப்பது சுலபமான வேலை.

இந்த ஞாயிறு ஏலத்துக்கு நான் மூன்று புத்தகங்கள் போடுகிறேன். மூன்றிலும் எடையும் தொகையும் முதல் வரியிலேயே இருக்கும். விதி வருவதற்கு முன்பே இதென்ன புது வழக்கம் என்று யாராவது கேட்டால், இந்த மடலை அவருக்கு ஃபார்வர்டு செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் வாங்கியும் விற்றும் வரும் ஒருவன்