திருமயம் வருவோர் ஊரை முழுமையாகப் பார்த்துத் திரும்ப வழிகாட்டிப் பலகைகள் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பொருள்: திருமயத்தில் நடைவழிப் பலகை, கல்வெட்டு விளக்கம், அடிப்படை வசதிகள் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப்பிள்ளைகள் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டையில் காரைக்குடி பஸ் ஏறித் திருமயம் சென்றேன். பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் போதும். ஊர்மக்கள் ஊமையன் கோட்டை என்று சொல்லும் அந்தக் குன்றில் ஓடி ஏறினார்கள். உச்சியிலுள்ள பீரங்கியைத் தொட்டுப் பார்த்தார்கள். பாறைச் சரிவில் இரும்பு ஏணி வைத்திருக்கும் சிறு குடைவறையையும் அதற்குள் இருக்கும் லிங்கத்தையும் பார்த்து வியந்தார்கள்.

கீழே இறங்கும்போது உச்சிவேளை. அதே குன்றின் தென்சரிவில் சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள். கோயில் நடை உச்சிவேளையில் சாத்துவது வழக்கம்தான். அதில் எனக்குக் குறையில்லை. முதலில் கோயில், பிறகு கோட்டை என்று யாரேனும் காலையிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் மாலைவரை நிழலில் காத்திருந்தோம். எங்களோடு கோட்டையில் ஏறிய ஒரு குடும்பம் மலைக்குப் பின்னால் கோயில்கள் இருப்பதே தெரியாமல், கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் காரில் கிளம்பிவிட்டது. அவர்களை நினைத்துத்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

அவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பதைத் தங்களிடம் சொல்லியாக வேண்டும். பெருமாள் கோயில் குடைவரையில் பாம்பணையில் பள்ளிகொண்டவரைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஆதிசேடன் உமிழும் நச்சுத்தீக்கு அஞ்சி மது, கைடபர் என்ற அசுரர் இருவரும் வெருண்டு விலகுவதைக் காலடிப் பக்கம் காணலாம். திருமங்கையாழ்வார் திருமெய்யம் என்று பாடிய தலம் இது. பக்கத்துச் சிவன் குடைவரையில் கருவறைக்கு எதிரே பெரிய லிங்கோத்பவர்.

அந்தச் சிவன் கோயிலில்தான் ஒரு பழைய இசைக் கல்வெட்டும், அதாவது இசைக் குறிப்புகளைக் கல்லில் பொறித்த எழுத்தும், இருக்கிறது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு இன்றும் முழுமையாக நிற்கிறது. திருமயத்தில் இருந்ததையோ பெரும்பாலும் சுரண்டி, மேலே பிற்காலச் சாசனத்தைப் பொறித்துவிட்டார்கள். ‘பரிவாதினி’ என்ற யாழின் பெயர் போல ஒருசில எழுத்துகளே எஞ்சின. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலை நீட்டி, கல்லைத் தொடாமலே, அந்த எழுத்துகளின் மேல் காற்றில் வரைந்து பார்த்தான். “டீச்சர், பாட்டை ஏன் அழித்தார்கள்?” என்று கேட்டான். 13ஆம் நூற்றாண்டில் இரு கோயில்களுக்கும் இடையே வருவாய்ப் பங்கீட்டில் வழக்கு மூண்டதையும், ஹொய்சளத் தண்டநாயகர் (படைத்தலைவர்) அப்பண்ணர் வந்து அதைத் தீர்த்துவைத்ததையும், அந்தத் தீர்ப்பைத்தான் பாட்டின் மேல் பொறித்தார்கள் என்பதையும் சொன்னேன். நான் படித்திருந்ததால் சொல்ல முடிந்தது. அதை விளக்கும் தமிழ்க் குறிப்பு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஆகவே தாங்கள் உரிய துறைகளுடன் கலந்து பேசி, பஸ் நிறுத்தத்திலும் கோட்டை வாயிலிலும் ஒரு நடைவழி வரைபடம் வைக்க வேண்டுகிறேன். கோயில்கள் எங்கே, நடை எப்போது திறக்கும், எப்போது சாத்தும் என்பது அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கல்வெட்டின் அருகே அதன் வாசகமும் பொருளும் எளிய தமிழில் எழுதிவைக்கப்பட வேண்டும். எஞ்சிய எழுத்துகளில் கைபடாமல் ஒரு தடுப்பும் அமைக்க வேண்டும். சென்னை மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிசெய்த தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊர் இது என்பதையும் அந்த வரைபடத்தில் ஒரு வரி சேர்த்தால் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

குடிநீரும் பெண்களுக்கான கழிப்பறையும் குன்றடியில் எளிதில் கண்ணில் படும் இடத்தில் தேவை. என்னுடன் வந்த சிறுமிகள் இருவர் அன்று தண்ணீர் குடிக்கவே தயங்கினார்கள்.

பள்ளிகள் சுற்றுலாவுக்குக் கிளம்பும் முன் வரைபடத்தையாவது வைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்வெட்டுக் குறிப்பின் தமிழைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால், ஊதியமின்றி வந்து செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)