49-வது இடம் சரி, போனை நீட்டுகிறவர்களை யார் கணக்கெடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தகவல் தொழில்நுட்பத்தை ஏற்றுப் பயன்பெற எந்த நாடு எவ்வளவு தயாராக இருக்கிறது என்று வருடா வருடம் ஒரு பட்டியல் வருகிறது, 'நெட்வொர்க்டு ரெடினஸ் இண்டெக்ஸ்' என்று பெயர். 2023-இல் 60-வது இடத்தில் இருந்த இந்தியா 2024 பட்டியலில் 49-வது இடத்துக்கு வந்ததை இன்னமும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். 133 நாடுகளுக்குள் ஒரே வருடத்தில் 11 இடம் ஏறுவது சின்ன விஷயமில்லை, எனக்கும் அதில் சந்தோஷம்தான். டீக்கடையில் ஒரு டீக்கான காசைக்கூட யுபிஐயில் வாங்குகிறார்கள், 2016-இல் அது வந்தபோது இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆனால் போன வாரம் பக்கத்து டவுனில் ஓர் இணைய சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் போன் இருந்தது, அதில் பாதி நல்ல டச் போன். முறை வந்ததும் அத்தனை பேரும் அந்தப் போனைக் கவுண்டருக்கு மேலே நீட்டினார்கள். "ஓடிபி வந்துருச்சா பாரு தம்பி." தம்பியே வாங்கி, தம்பியே பார்த்து, தம்பியே அடித்துக்கொள்கிறார். அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது, பெயருக்கு நேராகப் பாஸ்வேர்டு எழுதி வைத்திருக்கிறார், ஏனென்றால் அடுத்த தடவை வரும்போது அவர்களுக்கு அது ஞாபகம் இருக்காது. அந்தப் பையனைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, மதியம் இரண்டு மணி வரை சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வேலை பார்த்தார். அங்கே வந்த ஓர் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆதாரில் கொடுத்திருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் நம்பர், மகன் ஷிப்டில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை. மூன்று தடவை ஓடிபி அனுப்பிப் பார்த்துவிட்டு "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல் எழுந்து போனார். அன்றைய கூலி போனது போனதுதான்.

இந்த அம்மா நம் கணக்கில் எங்கே வருகிறார் என்பதுதான் என் கேள்வி. செல்போன் இணைப்புக் கணக்கில் மகன் வாங்கிய சிம்மாக வருவார். ஆன்லைனில் வாங்கிய சான்றிதழ்களின் கணக்கில் ஒரு விண்ணப்பமாக வருவார். இரண்டிலும் 'பயன்பெற்றவர்' என்றுதான் பதிவாகும்.

நியாயமாகச் சொன்னால், அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறவர்கள் டவரையும் கேபிளையும் மட்டும் எண்ணுவதில்லை. இணையப் பயன்பாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கிற இடைவெளி, டிஜிட்டல் பணம் கிராமத்துக்கு வந்திருக்கிறதா, உள்ளூர் மொழியில் விஷயம் கிடைக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். நாம்தான் கடைசியில் வரும் அந்த ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள், 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 33 பேர், ஆண்களில் 57 பேர். அதற்குப் பிறகு இந்த எண் கூடியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் 'பயன்படுத்தியவர்' என்றால் யார்? பேரனோடு வீடியோ காலில் பேசுகிறவரும் அதில் சேர்த்திதான், தன் பட்டா விவரத்தைத் தானே எடுத்துப் பார்க்கத் தெரிந்தவரும் சேர்த்திதான்.

கிராமத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு டிஜிட்டல் பாடம் சொல்லித்தர மத்திய அரசு 2017-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 6 கோடிப் பேர் இலக்கு, ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி. 2024 மார்ச்சில் அது முடிந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றதாக அரசு சொன்னது. இலக்கைத் தாண்டியாயிற்று. அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்துத் தன் ஓடிபியைத் தானே படித்தார்கள்? அதைத்தான் எண்ணியிருக்க வேண்டும்.

நான் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவன், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எழுதப் படிக்கச் சொல்லித்தந்ததோடு நாங்கள் நிற்கவில்லை, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், ஆயிரக்கணக்கில். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாயங்காலத்தில் கண்மாய்க் கரையில் விழுந்து எழுந்து ஓட்டினார்கள். எங்கள் தெருவில் எத்தனை சைக்கிள் இருக்கிறது என்று அப்போது யாரும் எண்ணவில்லை, அது முன்பே இருந்தது, ஆண்கள் ஓட்டினார்கள். புருஷனையோ அண்ணனையோ எதிர்பார்க்காமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் தானே போய் வருகிறாளா என்பதைத்தான் பார்த்தோம். வகுப்பிலும் அப்படித்தான், பஸ் போர்டைத் தானே படித்து ஏறினால்தான் அவர் பெயருக்கு நேராக டிக் போடுவோம்.

பக்கத்தில் கேரளாவில் இதைத்தான் செய்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்கிற ஒரே ஒரு பஞ்சாயத்தில் தொடங்கி, அப்புறம் வீடு வீடாகப் போய்த் தெரியாதவர்கள் யார் என்று கணக்கெடுத்து, தன்னார்வலர்களை வைத்து 21 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குச் சொல்லித்தந்து, 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு கிடக்கட்டும், அவர்கள் போன வழி சரியான வழி. தெரிந்தவர்களை எண்ணிப் பெருமைப்படாமல் தெரியாதவர்களை முதலில் தேடிப்போனார்கள்.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி மூலம் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது இந்தத் தேடல் நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! தினம் இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பணித்தளப் பொறுப்பாளர் சிக்னலுக்காகக் கண்மாய் மேட்டில் ஏறி நின்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். கீழே நாற்பது பெண்கள், தங்கள் கூலி பதிவாயிற்றா என்று அவர் முகத்தைப் பார்த்தபடி.

ஆகவே அரசிடம் நான் கேட்பது இரண்டுதான். தாலுகாவுக்கு ஒரு சேவை மையத்தில் ஒரு நாள் ஆள் வைத்து, வருகிறவர்களில் எத்தனை பேர் யார் துணையும் இல்லாமல் வேலையை முடிக்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணை வெளியிடட்டும். அடுத்தது, அறிவொளிக்குச் செய்தது போல ஊருக்கு இரண்டு தொண்டர்களை அமர்த்தட்டும், சாயங்கால நேரம், சொந்தப் போனில், தமிழில். எனக்கு 61 வயது ஆகிறது, கூப்பிட்டால் வருகிறேன். அந்த அம்மா மறுநாளும் வந்திருப்பார், ஓடிபி கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
முன்னாள் அறிவொளித் தொண்டர்,
புதுக்கோட்டை மாவட்டம்.