பிலிப்பைன்ஸின் மக்கள் பாடலாசிரியர் பிரெடி அகிலார்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மே 27ஆம் திகதி தமது 72ஆவது வயதில் காலமான பிலிப்பைன்ஸ் பாடலாசிரியரும் பாடகருமான பிரெடி அகிலாரைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் விரிவான கட்டுரை ஒன்று வெளிவர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோரின் விருப்பத்தை மீறிப் படிப்பைக் கைவிட்டு, வீட்டை விட்டு வெளியேறி, கிட்டாருடன் பாடித் திரிந்த அவர் பின்னர் மனம் வருந்தி எழுதிய ‘அனாக்’ (பிள்ளை) என்ற பாடல், பிள்ளை பிறந்தபோது பெற்றோர் அடைந்த பூரிப்பையும், இரவில் கண்விழித்துப் பால் கரைத்த தாயையும் சொல்லி, வழிதவறிய பிள்ளையின் கண்ணீரில் முடிகிறது. 1978இல் முதன்முறையாக நடைபெற்ற மெட்ரோ மணிலா இசை விழாவின் இறுதிச் சுற்றுக்குத் தெரிவான அப்பாடலுக்கு முதற்பரிசு கிடைக்கவில்லை. அது ரயன் கயாப்யாப்பின் பாடலுக்குச் சென்றது. ஆயினும் பிலிப்பைன்ஸின் தகாலொக் மொழியில் எழுந்த ‘அனாக்’கே கடல் கடந்து பல மொழிகளில் பாடப்பட்டது. உறவின் நோவை அலங்காரமின்றிச் சொன்னதே அதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

1983இல் பிலிப்பைன்ஸ் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், அந்நாட்டு ஜனாதிபதி மார்க்கோஸின் ஆட்சிக்கு எதிராகத் திரண்ட மக்கள் முன் ‘பயான் கோ’ (என் நாடு) என்ற பழைய நாட்டுப்பற்றுப் பாடலை அவர் துணிந்து பாடியதும் வரலாறு.

பொப்பிசைக்குத் தனி மரபு கண்ட நம் நாட்டின் இளம் தமிழ்ப் பாடலாசிரியர்கள் இவரை அறிய வேண்டும். கட்டுரையுடன் ‘அனாக்’ பாடலின் பொருளையும் தமிழில் தந்தால் பெரிதும் உதவும்.

இசை ஆர்வலர்,
வெள்ளவத்தை, கொழும்பு.